நான் நீக்கிய நான்கு சாம்பிள்கள்

ஒரு பரிசோதனைக் கிட்டுக்கு நான் வைத்த கட்-ஆஃப் தவறானது. கைதவறி நேர்ந்த பிழை அல்ல அது. நோயில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்ட 40 பேரில் நான்கு பேரின் எண்கள் கணக்கைக் கெடுத்தன. நான்கையும் தூக்கிவிட்டேன். அவை ஏன் அப்படி வந்தன என்பதற்கான தடயம் அந்தக் குப்பிகளின் மேலேயே எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தூக்கினேன். பின்னால் புகார் வந்தபோது, என் தவறை இன்னொருவரின் கைவேலைக் குறையாக்கிப் பேசினேன். கடைசியில் எண்ணைத் திருத்தியபோதும் காரணத்தைச் சொல்லாமல் திருத்தினேன். மூன்றையும் செய்தது நான்தான். கம்பெனியோ மேலதிகாரியோ என்னை நெருக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கிட் பயன்படுத்திய எலிசா பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஏங்வாலும் பெர்ல்மனும் அறிமுகப்படுத்திய முறை இது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பிளேட். ஒவ்வொரு குழியின் அடியிலும் கிருமியின் புரதம் ஒன்று பூசப்பட்டிருக்கும். நோயாளியின் ரத்தச் சீரத்தை நீர்க்கச் செய்து அதில் விடுவோம். அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி சீரத்தில் இருந்தால் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். கழுவுவோம். நொதி இணைத்த இன்னொரு ஆன்டிபாடியை விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் தரும் திரவத்தை விடுவோம். குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதை ரீடர் 450 நானோமீட்டரில் அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். அதை ஓ.டி. என்போம்.

ரீடர் கொடுப்பது அந்த எண்ணை மட்டும்தான். 0.09, 0.33, 1.84 என்று அச்சடித்துத் தரும். இவற்றில் எது நோய், எது நோயில்லை என்று அதற்குத் தெரியாது. நோயே இல்லாதவரின் சீரமும் குழியில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்; சுத்தமான பூஜ்யம் எங்கும் வராது. எனவே எங்காவது ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் போடுபவர், கிட் தயாரிக்கும் இடத்தில் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். நான் அந்த ஆளாக இருந்தேன்.

கோடு போடும் வழக்கமான முறை எளிமையானது. நோயில்லாதவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் சீரத்தை ஓட்டி, ஓ.டி.க்களின் சராசரியை எடுத்து, அதோடு திட்ட விலக்கத்தின் இரண்டு மடங்கையோ மூன்று மடங்கையோ கூட்டினால் கட்-ஆஃப். எண்கள் மணி வடிவத்தில் பரவியிருந்தால், இரண்டு மடங்கு கூட்டும்போது நோயில்லாத ஆயிரம் பேரில் சுமார் 23 பேர் கோட்டைத் தாண்டுவார்கள். மூன்று மடங்கு கூட்டினால் ஒன்றிரண்டு பேர்தான். பாடப்புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் சீரத்தின் ஓ.டி. பெரும்பாலும் மணி வடிவத்தில் பரவுவதில்லை. இடப்பக்கம் குவிந்து, வலப்பக்கம் வால் நீண்டு கிடக்கும். அந்த வாலில் இருப்பவர்களும் நோயில்லாத மனிதர்கள்தான். அதைவிட முக்கியமானது, யாரை நோயில்லாதவர்கள் என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறோம் என்பது. கோடைக்கால நீர்மட்டத்தைப் பார்த்து ஏரிக்கரையின் உயரத்தை முடிவுசெய்தால் என்ன ஆகுமோ, அதுதான் சௌகரியமான நெகட்டிவ்களை வைத்துக் கட்-ஆஃப் போட்டாலும் ஆகும்.

எங்கள் கிட் ஸ்கிரப் டைஃபஸுக்கானது. பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் நோய். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா; புதர்களிலும் வயலோரங்களிலும் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன்களின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம். ஆனால் அது எல்லாருக்கும் இருப்பதில்லை, இருந்தாலும் அக்குளிலோ இடுப்புக்குக் கீழோ மறைந்திருக்கும். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் ஏறும். வேலூர்ப் பக்கத்து மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நேரத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தவறவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிர் போகவும் கூடும்.

பல இடங்களில் கையில் இருந்தது வெயில்-ஃபெலிக்ஸ் சோதனைதான். நோய் இருப்பவர்களில் பலரை அது தவறவிடும். இம்யூனோஃபுளோரசன்ஸ் முறைக்கு விலையுயர்ந்த நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் வேண்டும். மாவட்டத் தலைநகரத்து ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் ஓட்டக்கூடிய, கட்டுப்படியாகும் விலையில், ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் ஒரு எலிசா கிட் தேவைப்பட்டது. கிருமியின் மேற்பரப்பில் உள்ள 56 கிலோடால்டன் புரதத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பூசினோம். அந்தப் புரதம் நன்றாக அமைந்தது. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. கோளாறு நான் போட்ட கோட்டில்.

40 நெகட்டிவ் சீரம் சேர்த்தேன். பெரும்பாலானவை நகரத்தில் கிடைத்தவை: கம்பெனி ஊழியர்கள், அவர்களின் நண்பர்கள், ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள். எண்ணிக்கை போதாததால் ஒரு ரத்த வங்கியிலிருந்தும் கொஞ்சம் வாங்கினேன். அவர்கள் அனுப்பிய குப்பிகளில் எந்த முகாமில் எடுத்த ரத்தம் என்பதற்கு ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், காய்ச்சல் இல்லாதவர்கள். அதுவரை குறையில்லை.

பிளேட் ஓடி முடிந்து அமிலம் விட்டதும், நெகட்டிவ் வரிசைகள் எல்லாம் தண்ணீர் நிறத்தில் இருந்தன. நான்கு குழிகள் மட்டும் எலுமிச்சை மஞ்சளில் நின்றன. ரீடரே தேவையில்லை, வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்தது. அச்சில் வந்த எண்கள்: 0.48, 0.52, 0.55, 0.61. மற்ற 36-ன் சராசரி 0.12. பிப்பெட் பிசகியிருக்கும் என்று நினைத்து அந்த நான்கை மட்டும் இரட்டைக் குழிகளில் மறுபடி ஓட்டினேன். அதே எண்கள். கழுவும் இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையால் கழுவி ஓட்டினேன். அதே எண்கள். பிசகு இல்லை என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது.

இனி கணக்கு. 40 பேரையும் சேர்த்தால் சராசரி 0.16, திட்ட விலக்கம் 0.13. தசமங்களைச் சுருக்காமல் மூன்று மடங்கு கூட்டினால் கட்-ஆஃப் 0.56. நான்கு பேரை எடுத்துவிட்டால் சராசரி 0.12, திட்ட விலக்கம் 0.04, கட்-ஆஃப் 0.24. நான்கு குப்பிகளால் கோடு இரண்டு மடங்குக்கும் மேல் நகர்கிறது.

0.56 எனக்குப் பிடிக்கவில்லை. எங்களிடம் இருந்த பாசிட்டிவ் சீரங்களில், காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாளிலேயே எடுத்தவை சில இருந்தன. அவற்றின் ஓ.டி. 0.3-க்கும் 0.5-க்கும் நடுவில். நோய் இருந்தும் எண் ஏறாத ஆரம்ப கட்டம். கோடு 0.56-ல் இருந்தால் அவர்கள் எல்லாரும் நெகட்டிவ் ஆகிவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 90 சதவீதத்துக்குக் கீழே விழும். 0.24-ல் வைத்தால் ஒருவர்கூடத் தவறமாட்டார். ஒரு பக்கம் நூறு சதவீதம், மறுபக்கமும் நூறு சதவீதம் என்று அட்டவணை நிறைந்துவிடும். அந்த அட்டவணை எனக்கு வேண்டியிருந்தது. அதை மாநாட்டில் காட்டுவதை நான் ஏற்கெனவே மனத்தில் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

தூக்குவதற்கு ஒரு சாக்கு வேண்டும். கிரப்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு எண் கூட்டத்திலிருந்து அளவுக்கு மீறி விலகி நிற்கிறதா என்று சொல்லும். மென்பொருளில் போட்டேன். 0.61 விலகி நிற்கிறது என்றது. எடுத்தேன். மறுபடி போட்டேன், இப்போது 0.55 விலகி நிற்கிறது என்றது. எடுத்தேன். அப்படியே நான்கும் போயின. புள்ளியியல் அனுமதித்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சோதனை, எண்கள் மணி வடிவத்தில் பரவியிருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. வால் நீண்ட பரவலில் அது வாலை வெட்டிக்கொண்டே போகும். ஓர் எண் விலகி நிற்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அது பிழையா உண்மையா என்பதை மனிதன்தான் தேடிப்பார்க்க வேண்டும். நான் தேடவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. தேடாமலே விடை என் முன்னால் வந்து நின்றது.

என்னோடு வேலை செய்த இளம்பெண் ஒருத்தி, அப்போதுதான் எம்.எஸ்ஸி. முடித்து வந்தவள், குப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "சார், இந்த நாலும் ஒரே கேம்ப்புங்களே? ஒரே எழுத்து போட்டிருக்கு."

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அது மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்த முகாம். ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகெடுக்கப் போகிறவர்கள், வயல்வேலை செய்பவர்கள் ரத்தம் கொடுத்த இடம். அந்தச் சிலந்திப்பேன் வாழும் இடமும் அதுதான். அவர்களில் சிலர் முன்பு எப்போதோ இந்தக் காய்ச்சல் வந்து, என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் எழுந்து நடமாடியவர்களாக இருக்கலாம். ஸ்கிரப் டைஃபஸில் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி நோய் போன பிறகும் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும். நகரத்துக் கல்லூரி மாணவனின் ரத்தமும் அடிவாரத்து மேய்ச்சல்காரரின் ரத்தமும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. எங்கள் கிட்டை வாங்கப்போகிற ஆய்வகங்களுக்கு வரும் காய்ச்சல்காரர்கள் யார்? அந்த மேய்ச்சல்காரர்களின் அண்டை வீட்டார்தான். 40 பேரில் இந்தக் கிட்டின் உண்மையான பயனாளிகளைப் போன்றவர்கள் அந்த ஒரு முகாமில் வந்த சிலர் மட்டுமே.

அவளிடம் நான் சொன்னது: "சாம்பிள் சரியா ஸ்டோர் பண்ணியிருக்க மாட்டாங்கம்மா. அதெல்லாம் எழுத வேண்டாம், விடு."

அவள் அதன்பின் கேட்கவில்லை. கேட்பது சரி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். கேள்வி கேட்டால் இப்படித்தான் வாயடைக்கப்படும் என்று கற்றுக்கொடுத்தேன். நான்கு சாம்பிள்களை நீக்கியதைவிட இது பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. நீக்கியதைத் திருத்த வழி இருந்தது.

அடுத்து, நூறு சதவீதம். நோயில்லாதவரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் திறனை, கோடு போடப் பயன்படுத்திய அதே 36 பேரை வைத்தே கணக்கிட்டேன். அவர்களின் தலைக்கு மேலே கோட்டைப் போட்டுவிட்டு, யாரும் கோட்டைத் தாண்டவில்லை என்று எழுதினேன். புதிதாக வேறொரு கூட்டத்தை அல்லவா ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்? அதுவும் போகட்டும். 36 பேரில் ஒருவரும் தாண்டவில்லை என்றாலும், உண்மையான தவறு விகிதம் 8 சதவீதம் வரைகூட இருக்கலாம். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் எளிய மேல்வரம்பு அது. இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு நூறு சதவீதம் என்று அச்சிட யாருக்கும் உரிமையில்லை. நீக்கிய நால்வரைச் சேர்த்துப் பார்த்தால் 40-ல் 36, அதாவது 90 சதவீதம். கையிலிருந்த தரவு அதைத்தான் சொன்னது.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1978-ல் ரான்சஹாஃப், ஃபைன்ஸ்டீன் இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரையை மாணவனாக இருந்தபோதே படித்தவன் நான். ஒரு சோதனையை எந்த வகை நோயாளிகளிடமும் எந்த வகை ஆரோக்கியமானவர்களிடமும் சோதித்தோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பே மாறிவிடும் என்று அதில் விளக்கியிருப்பார்கள். ரிக்கெட்ஸியா வகை நோய்களுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதலையும் படித்திருந்தேன். ஸ்கிரப் டைஃபஸ் எலிசாவுக்கு 0.5 ஓ.டி. என்று ஒரு கட்-ஆஃப் கொடுத்துவிட்டு, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு இருப்பதால் அந்தந்தப் பகுதியின் அடிப்படை அளவை நிர்ணயிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு கிட்டின் ஓ.டி. இன்னொரு கிட்டுக்குப் பொருந்தாது என்பது உண்மைதான்; ஆனால் அந்த இரண்டாவது அறிவுரை எல்லாக் கிட்டுக்கும் பொருந்தும்.

தவறு பிளேட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கிட்டுக்குள்ளும் நெகட்டிவ் கன்ட்ரோல் என்று ஒரு குப்பி வைப்போம். அதற்கான சீரத்தை அந்த 36-லும் மிகக் குறைவாக வந்தவற்றைக் கலந்து தயாரித்தேன். அதன் ஓ.டி. 0.08 வாக்கில் நிற்கும். நெகட்டிவ் கன்ட்ரோலின் சராசரியோடு 0.16 கூட்டினால் கட்-ஆஃப் என்று கிட்டோடு வரும் உள்தாளில் அச்சிட்டோம். இந்தக் குப்பியைப் பற்றி ஆய்வகங்களில் ஒரு தவறான நிம்மதி உண்டு. நெகட்டிவ் கன்ட்ரோல் சரியாக வந்துவிட்டால் ரிசல்ட் சரி என்று நினைப்பார்கள். அன்றைக்குக் கழுவியது சரியா, திரவங்கள் கெட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்பதை மட்டும்தான் அந்தக் குப்பி சொல்லும். கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. என் கிட்டை வாங்கிய ஒவ்வொரு ஆய்வகத்திலும் அந்தக் குப்பி ஒவ்வொரு நாளும் சரியாகவே வந்தது.

புகார் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. மைக்ரோபயாலஜி பேராசிரியை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. "சார், உங்க கிட்ல பாசிட்டிவ் ரொம்ப வருது. டெங்குன்னு கன்ஃபர்ம் ஆனவங்களுக்கும் வருது. சந்தேகமா இருந்துச்சுன்னு எங்க பிளட் பேங்க் டோனர்ஸ் முப்பது பேரை ஓட்டிப் பார்த்தேன். ஆறு பேர் பாசிட்டிவ்."

நான் கேட்டேன்: "மேடம், வாஷர் சர்வீஸ் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, தன் டெக்னீஷியன் 20 வருட அனுபவசாலி என்றும், கன்ட்ரோல்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன என்றும் சொன்னார். நான் விடவில்லை. கழுவும்போது குழியில் திரவம் மிஞ்சினாலும் இப்படி வரும், புது டிப் உபயோகிக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் எங்கள் ஆளை அனுப்புகிறேன் என்றெல்லாம் பேசினேன். ஆறு பேர் என்று அவர் சொன்ன அந்த நொடியிலேயே அந்த மலையடிவார முகாமின் எழுத்து என் கண்முன் வந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் அந்த டெக்னீஷியனின் கையைக் குற்றம் சொன்னேன். நான் பேசியதைக் கேட்டு அந்த மனிதரை யாராவது கடிந்திருக்கக்கூடும்.

தொலைபேசியை வைப்பதற்குமுன் அவர் இன்னொன்று சொன்னார். நாள்பட்ட காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு எங்கள் கிட்டில் பாசிட்டிவ் வந்து, ஸ்கிரப் டைஃபஸ் என்று டாக்ஸிசைக்ளின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விடவில்லை. திரும்பி வந்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த நோயாளிக்கு நடந்தது தற்செயல் அல்ல, கணக்கிலேயே இருப்பது. காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு ஸ்கிரப் டைஃபஸ் என்று வைத்துக்கொள்வோம். கிட் அதில் 95 பேரைக் கண்டுபிடிக்கிறது. மீதி 900 பேரிடம் 90 சதவீதம் சரியாகச் சொன்னாலும் 90 பேர் பொய்யாகப் பாசிட்டிவ் ஆவார்கள். ஆக, பாசிட்டிவ் தாள் கையில் வைத்திருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த நோயே இல்லை. பேராசிரியையின் ஊரில் 30-க்கு ஆறு, அதாவது 80 சதவீதம்தான் சரி என்றால், பொய்யான பாசிட்டிவ் 180. மூன்றில் இரண்டு தாள்கள் பொய். நான் உள்தாளில் அச்சிட்ட நூறு சதவீதத்தின்படி ஒரு தாள்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. டாக்டர் நம்பியது அந்த அச்சை.

கட்-ஆஃப் தாழ்வாக இருந்தாலே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கான முதல் எலிசா அனுமதிக்கப்பட்டபோது, தானமாக வந்த ரத்தத்தைச் சலிப்பதே அதன் வேலை. தொற்றுள்ள ஒரு பைகூட நழுவிவிடக் கூடாது என்பதால் கோட்டைத் தாழ்த்தி வைத்தார்கள்; சந்தேகமான பையைக் கொட்டிவிடலாம், கொடுத்தவருக்கு வெஸ்டர்ன் பிளாட் செய்து உறுதிப்படுத்தலாம். ரத்த வங்கியில் அது நியாயம். காய்ச்சல் வார்டில் பொய்யான பாசிட்டிவ் வேறு மாதிரி வேலை செய்கிறது. விடை கிடைத்துவிட்டது என்று டாக்டர் தேடுவதை நிறுத்திவிடுகிறார். உண்மையான நோய் அந்தத் தாளுக்குப் பின்னால் வளர்கிறது. எங்கே எதற்காகப் பயன்படப் போகிறது என்று முடிவுசெய்யாமல் கோட்டைப் போட முடியாது. நான் போட்டது என் அட்டவணைக்காக.

நம் நாட்டில் இப்படிப்பட்ட தவறு முன்பே நடந்திருக்கிறது. காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் கிட்டுகள் ஒரு காலத்தில் தனியார் ஆய்வகங்களில் தாராளமாக ஓடின. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தும் நோயாகாமல் கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில், ஆரோக்கியமானவர் என்று யாரை நிறுத்துவது என்ற கேள்வியே அங்கே சரியாகக் கேட்கப்படவில்லை. பொய்யான பாசிட்டிவும் பொய்யான நெகட்டிவும் குவிந்தன. 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சோதனைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் துறையில் எல்லாரும் பேசினோம். நானும் அந்தக் கிட் தயாரித்தவர்களைக் குறைசொல்லிப் பேசினேன்.

பேராசிரியையின் அழைப்புக்குப் பிறகு நான் அமைதியாக ஒரு வேலை செய்தேன். வெவ்வேறு மாவட்டங்களின் ரத்த வங்கிகளிலிருந்து நிறைய சீரம் வாங்கி மறுபடி ஓட்டினேன். கட்-ஆஃப் மேலே போனது. அடுத்த லாட்டிலிருந்து புதிய சூத்திரத்தோடு உள்தாள் அச்சானது. மேலே சிறிய எழுத்தில் திருத்திய பதிப்பு என்று இருந்தது. ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி இல்லை. பழைய லாட்டுகளை வாங்கியவர்களுக்குக் கடிதம் போகவில்லை. அந்த லாட்டுகள் காலாவதியாகும்வரை ஓடியிருக்கும். பேராசிரியைக்கு மட்டும் புதுக் கிட் சிலவற்றை இலவசமாக அனுப்பினேன். அவர் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார். அதற்கும் நான் உண்மையை எழுதவில்லை. கம்பெனி அனுமதித்திருக்காது என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் அனுமதி கேட்கவே இல்லை.

இப்போது இளைஞர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். கணினியில் எதையும் கணக்கிடுமுன் ஒவ்வொரு எண்ணையும் ஒரு புள்ளியாக வைத்து வரைந்து பார்க்கச் சொல்கிறேன். வால் நீண்டிருந்தால் எண்களை மடக்கையாக மாற்றிக் கணக்கிடச் சொல்கிறேன். நெகட்டிவ்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் 99-வது சதமானத்தை எடுத்துக்கொள்வது இன்னும் நேர்மை. டெங்கு, லெப்டோஸ்பைரோசிஸ், டைஃபாய்டு, மலேரியா என்று உறுதியானவர்களின் சீரம் நெகட்டிவ் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கோட்டுக்கு இருபுறமும் தெளிவில்லாத ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு, அதில் விழுபவர்களின் ரத்தத்தைப் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்து எண் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சாம்பிளை நீக்கினால் அதன் எண்ணையும், எங்கிருந்து வந்தது என்பதையும், நீக்கிய காரணத்தையும் உள்தாளிலேயே அச்சிட வேண்டும். இவற்றில் எதுவும் எனக்கு அன்று தெரியாத விஷயம் அல்ல.

அந்த இளம்பெண் இன்று வேறொரு இடத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதை அவள் படிக்க நேர்ந்தால்: அன்று நீ கேட்டது சரியான கேள்வி, அம்மா. நான் சொன்ன பதில் பொய்.

கிட் வாங்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உள்தாளில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். உங்கள் ஊர் ரத்த வங்கியில் முப்பது நாற்பது ஆரோக்கியமானவர்களின் சீரத்தை முறைப்படி அனுமதியோடு வாங்கி, புதிய கிட் வந்ததும் முதலில் அவற்றை ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். கம்பெனியிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: கட்-ஆஃப் போட எடுத்த நெகட்டிவ்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள், எத்தனை சாம்பிள்களை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தக் கிட்டை வாங்காதீர்கள்.